நனைந்தால் போச்சு என்பது பொய்

"தண்ணி பட்டுடுச்சா? அப்போ போச்சு, வேற வாங்கிக்கோங்க." நீலகிரியில் மழைக்காலம் வந்தால், ரிப்பேர் கடைக்காரர்கள் கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். நாமும் நம்பி, அதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் அவலாஞ்சியில் 820 மி.மீ. கொட்டிய மலை இது. கூரை ஒழுகும் தேயிலைத் தோட்ட லயன் வீட்டில், அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பை வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு "வேற வாங்கிக்கோ" என்பது எவ்வளவு கொடுமையான சொல்!

சர்க்யூட் போர்டுக்குத் தண்ணீர் எமன் அல்ல. பற்றவைத்தபின் ஒட்டியிருக்கும் பிளக்ஸ் (flux) கசடைப் போக்க, பல தொழிற்சாலைகளில் போர்டுகளைத் தண்ணீரில்தான் கழுவுகிறார்கள். ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் கேடு. மண்ணும் உப்பும் கரைந்த நீர் வழியாக மின்சாரம் பாய்ந்தால் செம்புத் தடங்கள் அரித்துப் பச்சை பூக்கின்றன. "ஓடுதா பார்ப்போம்" என்று அவசரப்பட்டு அழுத்தும் ஸ்விட்ச்தான் பெரும்பாலும் போர்டைக் கொல்கிறது.

உடனே மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்ற வேண்டும். சேறு பட்ட போர்டைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இளஞ்சூட்டில் பொறுமையாக உலர்த்தினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஜூலை மாத ஊட்டியில் காற்றே ஈரம் என்பதால், கீழ்நாட்டில் காய்வதைவிட இங்கே அதிக நாள் பிடிக்கும். அரிசிக்குள் புதைப்பது வீண். உள்ளே மாவுத் தூசிதான் சேரும்.

எல்லாமே பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. உப்பிய பேட்டரியைத் தொடவே கூடாது. வெள்ளத்தில் மூழ்கிய ஹார்டு டிஸ்கை வீட்டில் சுழலவிடவும் கூடாது. அதை மீட்பு நிபுணரிடம்தான் கொடுக்க வேண்டும்.

மீட்க முடியுமா என்று ஐயப்படுபவர்கள் கொலம்பியா விண்கலத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உள்ளிட்ட 7 பேரைப் பலிகொண்டு, வானிலேயே எரிந்து சிதறியது அது. அதிலிருந்த ஹார்டு டிஸ்க் ஒன்று டெக்சாஸில் கருகிய நிலையில் கிடைத்தது. அதன் தரவில் ஏறத்தாழ 99 சதவீதத்தை மீட்டார்கள். அதில் பதிவாகியிருந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியானது.

அந்த டிஸ்க் தப்பியது என்றால், கூடலூர் மழையில் நனைந்த லேப்டாப்பைத் திறந்து பார்க்காமலே கைகழுவ என்ன நியாயம் இருக்கிறது? அடுத்த முறை "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்படியும் தேறாது என்றால், ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கையில் வாங்காமல் கடையைவிட்டு வராதீர்கள்.