இறங்கிப் பார்த்து வாங்குங்கள்!

வெலிங்டன்வாசி வேகக் கார் வாங்க நினைத்தால் எதை வாங்குவது?

2022-இல் வந்த வோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். புனே பக்கம் சாகனில் பிறந்தவை. பெரிய என்ஜின் 150 குதிரை சக்தி. 2023-இல் வந்த புதிய வெர்னா நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தயாரிப்பு. டர்போ என்ஜின் 160 குதிரை சக்தி.

பத்துக் குதிரை அதிகம் என்று மயங்கலாமா? மேட்டுப்பாளையம் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாய்ந்து ஓட அங்கே இடம் ஏது?

ஏறும்போது காரின் பலம் தெரியும். இறங்கும்போதுதான் குணம் தெரியும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடி தளரும். உயிருக்கே ஆபத்து! ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். அப்போது எந்தக் கார் அடங்கி வருகிறது என்று பாருங்கள்.

ஆகவே, பணம் கட்டுமுன் குடும்பத்தோடு பர்லியார் வரை இறங்கி ஏறுங்கள். பின்சீட்டுப் பாட்டிக்குத் தலை சுற்றாத காரே நல்ல கார்!