கோபுரங்கள் எங்கே ஊன்றி நிற்கின்றன?

கொழும்பு மாநகர் வானை நோக்கி வளர்கிறது என்று எங்கும் பேசப்படுகிறது. பேரை வாவிக் கரையில் ஒன்றின்மீதொன்று சாய்ந்தாற்போல் நிற்கும் இரட்டைக் கோபுரங்கள், காலிமுகத்திடலின் எதிரே பழைய இராணுவத் தலைமையகம் இருந்த நிலத்தில் 2017இல் திறக்கப்பட்ட ஷங்ரிலா விடுதி, 356 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரம், கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயரில் எழவிருக்கும் துறைமுக நகரம் ஆகியவற்றைப் படம்பிடித்து நாட்காட்டியில் அச்சிடுவோர், "இதோ முன்னேற்றம்!" என்று கைகாட்டுகின்றனர். பிறிதொரு சாரார், பழைய ஓட்டுக் கூரைகளையும் இரும்பு வேலைப்பாடமைந்த மேன்மாடங்களையும் எண்ணிப் பெருமூச்செறியும் கலாரசிகர். நகரின் வானவிளிம்பு அழகு கெட்டுவிட்டது என்பது இவர்தம் முறைப்பாடு.

முதற்சாரார் கோபுரத்தின் உச்சியைப் பார்க்கின்றனர். மற்றவர் அதன் முகத்தைப் பார்க்கின்றனர். அதன் அடியைப் பார்க்க இருவருக்கும் விருப்பமில்லை. எத்தாளை என்னும் கடலோரச் சிற்றூரில் பாடஞ்சொல்லிப் பிழைக்கும் எனக்கோ அந்த அடியே முதலிற் கண்ணில் படுகிறது. கொழும்புக் கோபுரங்களின் அடித்தளத்தில் ஒரு பகுதி எங்கள் புத்தளம் மாவட்டத்தில் கிடக்கிறது என்பதே அதற்குக் காரணம்.

இது அணிநயத்துக்காகச் சொல்லப்படும் கூற்றன்று. எத்தாளையிலிருந்து கொழும்புக்குப் பேருந்தில் செல்லும் எவரும் தம் கண்ணாலேயே கண்டு தெளியலாம். முதலில் வருவது நுரைச்சோலை. அங்கே 900 மெகாவோட் நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. அதன் முதற்பகுதி 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கிற்று. சீனக் குடியரசுத் தலைவர் 2014 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்தபோது, அந்த ஒரே வருகையில், இம்மின்நிலையத்தின் இறுதிப் பகுதியும் திறந்து வைக்கப்பட்டது, கொழும்புத் துறைமுக நகரின் வேலையும் தொடக்கி வைக்கப்பட்டது. விளக்கெரியப் போகும் இடத்துக்கும் அதற்காகக் கரி எரியும் இடத்துக்கும் ஒரே முகூர்த்தம்!

அடுத்தது பாலாவி. அங்கே சீமெந்துத் தொழிற்சாலை. மக்கள் சொத்தாக அரசு நிறுவிய இத்தொழிற்சாலை 1990களில் தனியாருக்கு விற்கப்பட்டு, பின்னர் சுவிற்சர்லாந்து நிறுவனமொன்றின் கைக்குச் சென்று, 2016இல் தாய்லாந்து நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. அதற்கு வேண்டிய சுண்ணக்கல், புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டில் அகழப்படுகிறது. கல் அங்கே வெட்டப்படும், சீமெந்து இங்கே அரைக்கப்படும், மாடி எழுவது கொழும்பில். குழி மட்டும் எங்களுக்கு.

சிலாபம் தாண்டி நீர்கொழும்பு. துறைமுக நகருக்காகக் கடலை நிரப்ப இக்கரையோரக் கடலடியிலிருந்தே மணல் அள்ளப்பட்டது. மீன் பெருகும் படுகைகள் அழிகின்றனவே என்று வீதிக்கு வந்து முறையிட்ட மீனவர் குரல், மணல் உறிஞ்சும் கப்பலின் இரைச்சலில் அமிழ்ந்துபோயிற்று. 2019 ஜனவரியில் கடல் முழுவதும் நிலமாகிவிட்டது. இத்தனையும் கடந்தபின்னரே கோபுரங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாந்தர மாணவரைக் கல்விச் சுற்றுலாவாகக் கொழும்புக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பொழுது சாய்ந்ததும் தாமரைக் கோபுரம் நிறம் நிறமாக ஒளிரத் தொடங்கிற்று. பிள்ளைகள் வாய்திறந்து நின்றனர். ஒரு சிறுமி மட்டும் என்னருகே வந்து, "சேர், இந்த லைட்டெல்லாம் எங்கட நுரைச்சோலைக் கரண்டா?" என்று கேட்டாள். நான் சிரித்து, "ஓம் பிள்ளை" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த மிச்ச விடைதான் இக்கட்டுரை.

அச்சிறுமியின் பாட்டனார், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் ஒருவர். உடுத்த உடையோடு வந்து, எங்கள் மணலில் ஓலைக்குடில் போட்டவர். 'வெளியேறு' என்ற சொல்லின் பொருளை எங்கள் குடாநாட்டுக்கு எவரும் அகராதி கொண்டு விளக்க வேண்டியதில்லை. அச்சொல்லைக் கொழும்பு ஏழைகள் எவ்வாறு கேட்டனர் என்பதை இனி நோக்குவோம்.

2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. நகரைத் திட்டமிடும் பொறுப்புப் படையை நடத்தும் அமைச்சுக்குப் போயிற்று! அவ்வாண்டு மே மாதத்திலேயே கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் குடியிருந்தோரின் வீடுகள், படையினரும் பொலிசாரும் சூழ்ந்து நிற்க, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. பின்னர் ஜாவா ஒழுங்கை. அங்கிருந்து வெளியேற்றப்பட்டோர், தமக்கென வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் வாடகை வீடுகளிற் காத்துக்கிடந்தனர்.

அதிகாரசபையின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கொழும்பு நகரில் 'குறைவசதிக் குடியிருப்பு'க்களில் வாழ்வோர் 68,812 குடும்பங்கள் என்றும், அவர்கள் குடியிருக்கும் நிலம் ஏறத்தாழ 900 ஏக்கர் என்றும் அது கூறிற்று. இந்நிலத்தை 'விடுவித்து' வணிகத்துக்குக் கொடுப்பதே திட்டத்தின் உயிர்நாடி. விடுதலை என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்! நிலத்துக்கு விடுதலை, அதில் வாழ்ந்த மனிதனுக்கு வெளியேற்றம்.

கணக்கை இன்னும் ஓரடி நகர்த்துவோம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். அவ்வாறாயின் 900 ஏக்கரில் ஒரு குடும்பத்தின் பங்கு ஏறத்தாழ இரண்டு பேர்ச்சஸ். நகரைச் சுத்தமாக்கி, நகருக்குச் சமைத்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, முச்சக்கரவண்டி ஓட்டி, மாளிகைகளைக் கட்டியெழுப்பிய மக்களிடம் இருந்தது இரண்டு பேர்ச்சஸ். அதுவும் மிகையென்று கருதப்பட்டது. துறைமுக நகரிலோ 116 ஹெக்டேயர், அதாவது 280 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், ஒரே நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. 2021 மே மாதத்தில் நிறைவேறிய சட்டம், அங்கே முதலிடுவோருக்கு 40 ஆண்டுவரை வரிவிலக்களிக்கவும் வழிசெய்தது. இரண்டு பேர்ச்சஸ்காரன் மாநகருக்குப் பாரம். 280 ஏக்கர்காரன் விருந்தாளி! இந்த நியாயத்தின் பெயர்தான் அபிவிருத்தி.

வெளியேற்றப்பட்டோருக்கு மாடிவீடு கொடுத்தோமே என்பர். கொடுத்தது உண்மை. நகரின் வடபுறத்தில் பன்னிரண்டு, பதினான்கு மாடிகள் கொண்ட தொகுதிகளில் 400 சதுர அடி, 500 சதுர அடி அளவில் வீடுகள் கொடுக்கப்பட்டன. சொந்த நிலத்தில் தாமே கட்டிய வீட்டை இழந்தோரும் அதற்குத் தவணைப் பணம் கட்ட வேண்டியவராயினர். முற்றத்தில் அப்பஞ் சுட்டு விற்ற தாய் எட்டாம் மாடியில் எவருக்கு விற்பாள்? மின்தூக்கி பழுதுற்றால் முதியவர் எவ்வாறு இறங்குவார்? வீடு என்பது நான்கு சுவர் மாத்திரமன்று. பிழைப்பும் அயலும் சேர்ந்ததே வீடு.

நிற்க. "நீர் உயரத்துக்கே விரோதி, கூரைவீட்டைப் போற்றும் பிற்போக்காளர்" என்று சிலர் என்மீது பாயக்கூடும். அவர்களுக்கு என் விடை: எனக்கு உயரத்தின்மேற் பகையில்லை. ஒடுங்கிய நிலத்தில் பெருந்தொகையான மக்கள் வாழ மாடி வேண்டும். நம் ஆட்சியாளர் ஓயாது ஓதும் சிங்கப்பூர், 1960இல் வீடமைப்புக் கழகத்தை அமைத்து, நிலத்தை அரசின் கையிற் கொண்டுவந்து, ஐந்தில் நால்வர் அளவில் பொதுக் குடியிருப்புகளில் வாழச் செய்தது. அத்தீவின் கோபுரத்தைக் காட்டுவோர் அந்தக் குடியிருப்பை ஏன் காட்டுவதில்லை? அவ்வளவு தொலைவு போவானேன்? பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், 1973இல், ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு உச்சவரம்பு விதிக்கும் சட்டம் இந்நாட்டிலேயே நிறைவேறிற்று. குறைகள் அதற்கும் இருந்தன. எனினும், வீடு குடியிருப்பதற்கு என்ற அடிப்படை அதிலிருந்தது. இன்றோ வீடு முதலீடு செய்வதற்கு. ஒரே பதினான்கு மாடி, ஒரு கொள்கையில் உழைப்பாளியின் இல்லமாகும். மறு கொள்கையில் அவனை ஒதுக்கிவைக்கும் பெட்டகமாகும். ஆகவே எத்தனை மாடி என்று கேட்பதோடு நில்லாமல், எவர் நிலத்தில், எவர் செலவில், எவர் பொருட்டு என்று கேட்க வேண்டும்.

இனிக் கலாரசிகருக்கும் ஒரு வார்த்தை. கொம்பனித்தெருவில் நூறாண்டு கடந்து நின்ற டி சொய்சா கட்டிடம் இடிபட்டபோது நீங்கள் வருந்தியது நியாயமே. ஆனால் அதன் தூண்களுக்காக எழுந்த உங்கள் குரல், அதன் கீழே கடை வைத்திருந்தவனுக்காகவும் எழுந்ததா? புகாரின் மாடமாளிகைகளைப் பாடிய இளங்கோ, மதுரைப் புறத்தே கண்ணகிக்கு அடைக்கலந் தந்த மாதரி என்னும் இடைக்குல முதியவளின் மனையையும் பாடினார். மாளிகையும் மனையும் ஒரே காப்பியத்தில் இடம்பெற்றன. மாளிகையை மட்டும் காண்பது நம் மரபுமன்று.

இறுதியாக, எங்களை நேரே சுடும் செய்திக்கு வருகிறேன். மாநகரம் உண்டு எஞ்சியதெல்லாம் ஆண்டுக்கணக்கில் மீதொட்டமுல்லையில் ஏழைகளின் வீட்டோரத்திலே குவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று அக்குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோரைப் புதைத்தது. கொழும்பில் உயர்ந்து நின்ற அந்த மலையை எந்த நாட்காட்டியும் அச்சிட்டதில்லை.

அதன்பின் ஆட்சியாளர் கண்டுபிடித்த பரிகாரம் யாது? குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் வடக்கே கொண்டுசென்று, அருவக்காட்டில், சீமெந்துக்காகக் கல்லெடுத்துக் கைவிட்ட குழிகளிற் கொட்டுவது. எந்தக் குழியின் கல் கொழும்பில் மாடியாயிற்றோ, அக்குழிக்கே மாடியின் கழிவு திரும்பி வருகிறது! துறைமுக நகருக்காகக் கடலை நிரப்பிய நிறுவனமே இக்குப்பை நிலத்தை அமைக்கும் ஒப்பந்தத்தையும் பெற்றது. இதனைச் சொல்வதால் நான் சீனரை வைவதாக எவரும் கொள்ளவேண்டாம். எங்கள் கல்லைச் சுவிற்சர்லாந்துப் பணமும் வாங்கிற்று, தாய்லாந்துப் பணமும் வாங்கிற்று. கதவைத் திறந்துவிட்டவர் உள்ளூர்க்காரர். மூலதனத்துக்குத் தாய்நாடு இல்லை என்பது நாமறிந்த பழைய பாடமே.

2018இன் பிற்பகுதி தொடங்கி 2019 வரை புத்தளம் மக்கள் போராடினர். முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்ற வேற்றுமை பாராது சத்தியாக்கிரகமிருந்தனர். கொழும்புக்கும் சென்று குரலெழுப்பினர். கரியும் சீமெந்துத் தூசியும் போதாவா, குப்பையும் வேண்டுமா என்று கேட்டனர். 2019 ஆகஸ்டில் குப்பை லொறிகள் வந்தன. ஒக்டோபர் 7ஆம் நாள் அக்குழி வெடித்தது. கொழும்பில் முற்போக்குப் பேசும் நண்பர் சிலர் அந்நாளில், "எங்கேயாவது கொட்டத்தானே வேண்டும்" என்றனர். அந்த 'எங்கேயாவது' என்பதற்கு ஒரு முகவரி உண்டு என்பதையும், அங்கே மனிதர் வாழ்கின்றனர் என்பதையும் அவர்கள் மறந்தனர்.

எங்களவர்க்கும் ஒன்று சொல்வேன். 'எங்கள் ஊரில் வேண்டாம்' என்ற முழக்கம் மட்டும் போதாது. எங்கள் ஊரிலிருந்து திருப்பினால் அக்குப்பை மீண்டும் ஒரு மீதொட்டமுல்லையைத்தான் தேடிச் செல்லும். கறுவாத் தோட்டத்துக்குச் செல்லாது. புத்தளத்து மீனவனும் கொம்பனித்தெருக் கூலியும் நீர்கொழும்பு வலைகாரனும் தனித்தனியே முறையிடும்வரை, ஒவ்வொருவர் துயரும் ஒரு 'பிரதேசப் பிரச்சினை'யாகவே ஒதுக்கப்படும். மூவரும் ஒரே கணக்கின் செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டவர். வரவுப் பக்கத்தில் இருப்போர் அதனை நன்கறிவர். செலவுப் பக்கத்தில் இருப்போரே இன்னும் அறியவில்லை.

ஆகவே நம் கோரிக்கை தெளிவாதல் வேண்டும். ஒரு கோபுரத்துக்கு அனுமதி கொடுக்குமுன், அதன் மின்சாரம் எங்கே பிறக்கும், அதன் மணலும் கல்லும் எங்கே அள்ளப்படும், அதன் கழிவு எங்கே போகும், அந்நிலத்தினின்று எவர் வெளியேற்றப்படுவர் என்ற நான்கு கேள்விகளுக்கும் பகிரங்கமாக விடை கூறப்பட வேண்டும். அவ்விடையில் பெயர் வரும் ஒவ்வோர் ஊருக்கும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் வேண்டும். இவ்வுரிமையில்லாத அபிவிருத்தி, கொள்ளைக்கு இடப்பட்ட மறுபெயரேயாம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! 2022 மார்ச்சில் நாடு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை இருண்டபோது, மின்சாரம் பிறக்கும் எங்கள் குடாநாட்டுப் பிள்ளைகளும் விளக்குத் திரியடியிலேயே படித்தனர். தாமரைக் கோபுரம் அவ்வாண்டு செப்டெம்பரிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கரும்பலகையில் எழுதுங்கள். 900 ஏக்கரை 68,812ஆல் வகுக்கச் சொல்லுங்கள். கணிதமும் புவியியலும் குடியியலும் ஒரே பாடமாகும் இடம் அது.

அச்சிறுமி என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்று முழுமையாக விடை சொல்வேன்: ஓம் பிள்ளை, அந்த வெளிச்சம் எங்களது. அந்தச் சுவரின் கல்லும் எங்களது. அதன் குப்பையும் எங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதில் எங்களுக்கு இல்லாதது ஒன்றே ஒன்று: அதனைக் கட்டலாமா என்று தீர்மானிக்கும் உரிமை. அதனைப் பெறும்வரை, அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்து வியக்க எங்களுக்கு நேரமில்லை.