தேடுபொறிப் பணி: எது நிலைக்கும், எது உதிரும்?

தேடுபொறி உகப்பாக்கம், சுருக்கமாக எஸ்.இ.ஓ., என்பது விளம்பரக் கட்டணம் செலுத்தாமலேயே ஓர் இணையதளத்தைக் கூகுள் போன்ற தேடுபொறிகளின் முன்வரிசையில் இடம்பெறச் செய்யும் பணி. மக்கள் எந்தச் சொற்களைத் தட்டித் தேடுகிறார்கள் என்று ஆராய்வது, பக்கத்தின் எழுத்தையும் தொழில்நுட்பக் கட்டமைப்பையும் சீர்செய்வது, பிற தளங்களிலிருந்து இணைப்புகளைப் பெறுவது ஆகிய மூன்றும் அதன் அடிப்படை வேலைகள். டெல்லியின் லட்சுமி நகர் போன்ற பகுதிகளில் சில மாதங்களில் இதைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் பயிற்சி நிலையங்கள் பல உள்ளன. அங்கே சேரும் பட்டதாரிகளில் பலருக்குப் பயிற்சிக் கட்டணம் குடும்பத்தின் சேமிப்பு. இந்தப் பணி இருபது, முப்பது ஆண்டுகள் சோறு போடுமா என்பது அவர்களுக்கு நேர்மையாகச் சொல்லப்பட வேண்டிய விஷயம்.

டெல்லியில் வேரூன்றிய கதை

தலைநகர்ப் பகுதியில் இந்தத் தொழில் வளர இரண்டு காரணங்கள். முதலாவது, தேடலை நம்பி வாழும் பெரிய நிறுவனங்கள் இங்கே உருவாயின. நொய்டாவில் இந்தியாமார்ட் (1996), நௌக்ரி (1997), குருகிராமில் மேக்மைட்ரிப் (2000), பாலிசிபஜார் (2008) என அந்த வரிசை நீளம். சரக்கு, வேலை, பயணச்சீட்டு, காப்பீடு என எதை நாடுபவரும் தேடல் பெட்டியில்தான் தொடங்குகிறார். அங்கே கண்ணில் படுவது இந்த நிறுவனங்களுக்கு மூலதனம் போன்றது.

இரண்டாவது, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் சிறு வணிகங்கள் குறைந்த செலவில் ஒப்படைத்த வேலைகள். அவற்றில் பெரும்பகுதி இயந்திரத்தனமானது. ஒரே கட்டுரையைச் சொல் மாற்றிப் பல தளங்களில் இடுவது, இணையதளப் பட்டியல்களில் முகவரியைப் பதிவது, கருத்துப் பெட்டிகளில் இணைப்பை ஒட்டுவது போன்றவை. மாதத்துக்கு இத்தனை இணைப்புகள் என்ற இலக்கே ஊழியரின் திறமைக்கு அளவுகோலாக இருந்தது.

2011 பிப்ரவரியில் கூகுள் ‘பாண்டா’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, சாரமற்ற கட்டுரைகளைப் பின்னுக்குத் தள்ளியது. அமெரிக்காவில் சுமார் 12% தேடல்களில் அதன் விளைவு தெரியும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. 2012 ஏப்ரலில் வந்த ‘பெங்குவின்’, செயற்கையாக உருவாக்கப்பட்ட இணைப்புகளைக் குறிவைத்தது. அதுவரை பலன் தந்த இணைப்புகளே தளத்துக்குச் சுமையாயின. அவற்றை ஒட்டுவதை மட்டுமே அறிந்தவர்களின் திறமையும் அத்துடன் மதிப்பிழந்தது.

தாக்குப்பிடித்த திறன்கள்

அதே காலத்தில் வேறு சில திறன்களின் மதிப்பு கூடியது. பாதுகாப்பான இணைப்புமுறையை 2014-லும், கைபேசியில் எளிதாகப் படிக்க முடிவதை 2015-லும் தரவரிசைக் காரணிகளாகக் கூகுள் ஏற்றது. லட்சக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு விற்பனைத் தளத்தில் எந்தப் பக்கம் தேடுபொறியின் பட்டியலில் சேர வேண்டும், எது சேரக் கூடாது, நகல் பக்கங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று முடிவெடுப்பது பொறியாளரோடு சமமாக அமர்ந்து செய்யும் வேலை. தேடுபவரின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு, அவருக்குப் பயன்படும்படி எழுதத் தெரிந்தவரும் நிலைத்தார். ஒவ்வொரு மாற்றமும் குறுக்குவழியை அழித்தது. அடிப்படை அறிவை அழிக்கவில்லை.

ஒரே நிறுவனத்தின் நிழலில்

இந்தத் தொழிலின் பெரிய பலவீனம், அதன் விதிகள் ஏறத்தாழ ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது. சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் அளித்த புகார்களின் மீது, டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. தேடல் முடிவுகளில் விமானப் பயணத்துக்கான தன் சொந்தப் பகுதிக்குச் சாதகமான இடம் கொடுத்தது ஆணையம் கண்ட குறைகளில் ஒன்று. அதை எதிர்த்துக் கூகுள் மேல்முறையீடு செய்தது. முடிவுப் பக்கத்தை வடிவமைப்பவரே அதில் போட்டியாளராகவும் இருக்கும்போது, வெளியிலிருந்து உழைப்பவரின் பலன் ஒரே நாளில் கரையக்கூடும்.

சட்டமும் இந்தத் துறையைத் தொட்டுவிட்டது. டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், பிறருடைய வணிகச் சின்னத்தை விளம்பரத்துக்கான தேடல் சொல்லாக வைப்பதும் அந்தச் சின்னத்தைப் ‘பயன்படுத்துவது’தான் என்றது, குழப்பம் விளையாதவரை அது தானாகவே அத்துமீறல் ஆகிவிடாது என்றும் தெளிவுபடுத்தியது. சொற்களைத் தேர்ந்தெடுப்பவருக்கு இனி சட்ட அறிவும் தேவை.

செயற்கை நுண்ணறிவின் வருகை

இப்போதைய மாற்றம் முந்தைய எல்லாவற்றையும்விட ஆழமானது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2024 ஆகஸ்டில் இந்தியாவில் கூகுள் தேடலின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடைகள், ஆங்கிலத்திலும் இந்தியிலும், தோன்றத் தொடங்கின. அமெரிக்கப் பயனாளர்களின் 2025 மார்ச் மாதத் தேடல்களைப் பியூ ஆய்வு மையம் ஆராய்ந்தது. அத்தகைய தொகுப்பு தோன்றிய தேடல்களில் வழக்கமான முடிவைச் சொடுக்கியது 8%; தோன்றாதவற்றில் 15%. பொதுத் தகவலைச் சொல்லி வாசகரை ஈர்த்துவந்த பக்கங்களுக்கு இது நேரடி இழப்பு. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் ஓபன்ஏஐ மீது டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியதும், உள்ளடக்கத்தின் பலன் யாருக்குச் சேர வேண்டும் என்ற இதே சிக்கலால்தான்.

இந்த மாற்றம் முதலில் தாக்குவது புதிதாக வருபவரை. சிறு கட்டுரை எழுதுவது, தலைப்பும் விவரக்குறிப்பும் தயாரிப்பது, தேடல் சொற்களைப் பட்டியலிடுவது ஆகியவையே இந்தத் தொழிலின் முதல் படியாக இருந்தன. அவற்றை இயந்திரம் நொடிகளில் செய்கிறது. அந்த இயந்திரத்தைக் கொண்டு பக்கங்களைக் குவிப்பதும் வழியல்ல. தரவரிசைக்காக மட்டுமே பெருமளவில் உருவாக்கப்படும் உள்ளடக்கத்தை 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் முறைகேடாக வரையறுத்தது.

ஆனாலும் அந்தத் தொகுப்பு விடைகளுக்கு மூலம் இணையப் பக்கங்களே. அவை இயந்திரம் படிக்கும்படியும், நம்பும்படியும் இருக்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிய பெயர்கள் சூட்டித் தனிப் பயிற்சியாக விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. தன் செயற்கை நுண்ணறிவு விடைகளில் இடம்பெறத் தனியான உகப்பாக்கம் எதுவும் வேண்டாம், வழக்கமான நல்ல நடைமுறைகளே போதும் என்று கூகுள் தன் வழிகாட்டியில் கூறுகிறது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, பலன் தெரியப் பெரும்பாலும் 4 மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்பதும் அதே நிறுவனம் சொல்வதுதான்.

தீர்ப்பு என்ன?

எஸ்.இ.ஓ.வை மட்டுமே மூலதனமாகக் கொண்டு நீண்ட காலம் வாழலாம் என்று எண்ணுவது இனி ஆபத்து. ஆனால் நிரல் எழுதுதல், தரவுப் பகுப்பாய்வு, தேர்ந்த எழுத்து, அல்லது மருத்துவம், நிதி, சட்டம் போன்ற ஒரு துறையின் அறிவு அடியில் இருந்தால், அதன் மேல் எஸ்.இ.ஓ. நன்கு வலுச்சேர்க்கும். ஆங்கிலத்தோடு தமிழிலும் இந்தியிலும் மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று அறிந்தவருக்கு இந்திய மொழித் தேடலில் கூடுதல் இடம் உண்டு.

டெல்லியில் பயிற்சிக்குப் பணம் கட்டவிருக்கும் இளைஞர், நிலையத்தின் வேலை உத்தரவாதத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. முதலில் சொந்தமாக ஒரு சிறு தளம் தொடங்கி, கூகுளின் இலவச ‘சர்ச் கன்சோல்’ கருவியைக் கொண்டு ஆறு மாதம் அதை வளர்த்துப் பார்க்கட்டும். அதில் ஆர்வமும் பொறுமையும் நீடித்தால் இந்தத் துறைக்கு வரலாம்; அப்போதும் துணைக்கு இன்னொரு திறனைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும்.