ஒரு லேபிள் செய்த மோசம்!

விருதுநகர் மாவட்டத்தில் கடல் கிடையாது. ஆனாலும், ஒரு கப்பலின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி. நள்ளிரவு தாண்டிய நேரம். அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்தில் இருந்து "டாலி" என்ற சரக்குக் கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. 984 அடி நீளம்! மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

திடீர் என்று விளக்குகள் அணைந்தன. என்ஜின் நின்றது. திருப்ப முடியாமல் கப்பல் ஒரு பாலத்தில் மோதியது. பாலம் இடிந்து விழுந்தது. அதன்மேல் சாலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த 6 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

காரணம் என்ன?

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து, 2025 நவம்பரில் காரணத்தைச் சொன்னது. ஒரே ஒரு ஒயர் சரியாக மாட்டப்படவில்லை!

இன்ன ஒயர் என்று அடையாளம் காட்ட, நுனி அருகே ஒரு லேபிள் போட்டு இருந்தார்கள். அந்த லேபிள் தடுத்ததால், நுனி முழுவதும் உள்ளே போகவில்லை. மாட்டியது போல் இருந்தது. பிடிப்பு இல்லை. கப்பல் இருண்டது.

லேபிள் அச்சடிப்பதில் பேர் பெற்றது சிவகாசி. லேபிள் சரியான இடத்தில் இருக்கவேண்டும் என்பதை அந்த ஊருக்குச் சொல்லவேண்டுமா?

எவ்வளவு பாதுகாப்பு!

வீட்டுச் சுவர் ஆடாது. கப்பல் அதிர்ந்துகொண்டே இருக்கும். உப்புக் காற்று வேறு! அதனால், கப்பல் கேபிள்களை இரும்புத் தட்டுகளில் வரிசையாக வைத்து, பட்டை போட்டு இறுக்குகிறார்கள். கூரான விளிம்பில் உரச விடுவது இல்லை. தீ தாங்கும் சுவரைத் துளைத்துக் கேபிள் போகும் இடத்தில், தீ தாங்கும் பொருளால் ஓட்டையை அடைக்கிறார்கள். ஓர் அறைத் தீ மறு அறைக்குத் தாவக்கூடாது அல்லவா?

இத்தனை இருந்தும், நுனி இறுகாவிட்டால் எல்லாம் வீண்! அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

யார் பொறுப்பு?

ஒயர் மாட்டிய தொழிலாளியை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. ஒரு கப்பலில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருக்கின்றன. ஒருவர் மாட்டினால், இன்னொருவர் சோதிக்கவேண்டும். அதற்கு நேரமும் கூலியும் கொடுக்கவேண்டும். "சீக்கிரம் முடி" என்று விரட்டுகிற முதலாளி, ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 30 பேருக்கு மேல் பலியானதை யாரும் மறக்கவில்லை. அங்கே காரணம் வேறு. பாடம் ஒன்றுதான்: பொறி சிறியது, அழிவு பெரியது!

உங்கள் வீட்டில் பிளக் சுடுகிறதா? சுவிட்சில் கரகர என்று சத்தம் கேட்கிறதா? எங்கோ பிடிப்பு தளர்ந்து இருக்கலாம். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும், "எல்லா ஒயரையும் இழுத்துப் பார்த்தீர்களா, அண்ணாச்சி?" என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி கோபித்துக்கொள்ள மாட்டார்.