ஸ்விட்ச் போனால் காரை எடைக்குப் போட வேண்டுமாம்!

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் புத்திமதி சொல்லிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இக்னிஷன் ஸ்விட்ச் பழுதானால் வீட்டில் வைத்துக் கழற்றவே கூடாதாம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோக வேண்டுமாம். பதினைந்து வயது தாண்டிய வண்டி என்றால் அந்தச் செலவும் தண்டமாம், பேசாமல் எடைக்குப் போட்டுவிடலாமாம். வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்குரூ டிரைவரோடு குனிகிறவர்களைக் 'கஞ்சர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மூன்று பக்கம் எழுதியவர், அந்த ஸ்விட்ச் எங்கே இருக்கும், எப்படி இருக்கும், ஏன் கெடுகிறது என்று ஒரு வரி எழுதவில்லை. கழற்றிப் பார்த்திருந்தால்தானே எழுதுவதற்கு!

அவர் பெரிய ஆயுதமாக எடுத்து வீசுவது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கதையை. இக்னிஷன் ஸ்விட்ச் உயிரை வாங்கும், ஆகவே நிபுணர்கள் மட்டுமே தொடட்டும் என்பது வாதம். உயிரை வாங்கும் என்பது வரை சரி. மற்றதற்கு அந்தக் கதையே எதிர்ச்சாட்சி.

நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், அவர் பாதியோடு நிறுத்திவிட்டதால். செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய கார்களில் சாவி 'ஆன்' நிலையிலிருந்து தானாக நழுவிவிடும். சாவிக்கொத்து கனமாக இருந்தாலும் போதும், ஓட்டுபவரின் முழங்கால் பட்டாலும் போதும். ஓடுகிற வண்டியில் இன்ஜின் அணையும், பவர் ஸ்டேரிங் போகும், மோதினால் ஏர்பேக் விரியாது. சாவியை அந்தந்த நிலையில் பிடித்து நிறுத்த வேண்டிய ஸ்பிரிங்கும் முளையும் கம்பெனியே வகுத்த அளவுக்கு இறுக்கமாக இல்லை. தெரிந்துதான் தயாரிப்புக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2006இல் கம்பெனியின் பொறியாளர் ஒருவர் அந்தப் பாகத்தை ஓசைப்படாமல் திருத்த அனுமதித்தார். பார்ட் நம்பரை மட்டும் மாற்றவில்லை. 2014 பிப்ரவரியில்தான் வண்டிகளைத் திரும்ப அழைக்கத் தொடங்கினார்கள். மொத்தம் சுமார் 26 லட்சம் கார்கள். கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதியே ஒப்புக்கொண்ட சாவுகள் 124. 2015இல் அரசுக்கு 90 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு குற்ற வழக்கிலிருந்து தப்பித்தது.

குட்டை உடைத்தது யார்? விபத்தில் மகளை இழந்த பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்புப் பொறியாளர், நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய ஸ்விட்சை வைத்துக்கொண்டு காரணம் புரியாமல் விழித்தார். கடைசியில் சுமார் 30 டாலருக்குப் புது ஸ்விட்ச் ஒன்று வாங்கி, இரண்டையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தார். புதியதில் முளை சற்றே நீளம். நம்பர் ஒன்று, பாகம் வேறு! அவரும் பொறியாளர்தானே என்று கட்டுரையாளர் கேட்கலாம். மூடி மறைத்தவர்களும் பொறியாளர்கள்தான் ஐயா. இவர் பிரித்துப் பார்த்தார், அவ்வளவே.

இன்னொன்றும் சொல்லலாம். 1996இல் ஃபோர்டு கம்பெனி 80 லட்சத்துக்கு அருகில் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் ஸ்விட்சுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்தது காரணம். சாவியை எடுத்துவிட்டு நிறுத்தி வைத்த வண்டிகூட எரிந்தது. அந்த ஸ்விட்சுகளை யாரும் வாசல் திண்ணையில் உட்கார்ந்து மாட்டவில்லை.

சரி, எங்கள் ஊர் கெங்கவல்லிக்கு வருவோம். எங்கள் பக்கத்தில், ஆத்தூரிலிருந்து தம்மம்பட்டி வரைக்கும், மாருதி 800 இன்னும் ஓடுகிறது. 1983 டிசம்பரில் முதல் வண்டி சாவி கைமாறியது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அவர் சொல்கிற சர்வீஸ் சென்டருக்காகச் சேலம் போவதென்றால் இங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஸ்டார்ட் ஆகாத வண்டியை அவ்வளவு தூரம் கட்டி இழுத்துப் போகச் சொல்கிறவர் கயிற்றுக்குக் காசு கொடுப்பாரா? போனாலும் என்ன ஆகும் தெரியுமா? எங்கள் தெருக்காரர் ஒருவர் போனார். ஸ்டேரிங் லாக்கோடு முழு செட்டையும் மாற்றி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவருக்குக் கதவுக்கு ஒரு சாவி, ஓட்ட ஒரு சாவி. கெட்டுப்போயிருந்தது பின்னால் இருக்கிற சின்ன மின் பகுதி மட்டும்தான்.

இதுதான் கட்டுரையாளருக்குத் தெரியாத விஷயம். நாம் சாவி நுழைக்கிற லாக் வேறு, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஸ்விட்ச் வேறு. லாக்கை ஸ்டேரிங் தண்டோடு பிடித்திருப்பது தலை முறித்த போல்ட். திருடன் கழற்றக் கூடாது என்பதற்காக அப்படி. அதை நாமும் தொட வேண்டியதில்லை. ஸ்விட்சைப் பிடித்திருப்பது ஒன்றிரண்டு சின்ன ஸ்குரூ. உள்ளே செம்புத் தகடுகள், கொஞ்சம் கிரீஸ். பழைய வண்டியில் செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டு இழுக்கிற கரண்ட் முழுதும் அந்தத் தகட்டின் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் ஒரு பொறி. நாளடைவில் தகடு கருகிக் குழி விழும், கிரீஸ் தார் போல் இறுகும். போதாக்குறைக்கு ரிலே வைக்காமல் மாட்டின ஏர் ஹாரனும் பாட்டுப் பெட்டியும் அதே லைனில் கரண்ட் இழுத்தால், தடித்த ஒயர் நுழையும் இடத்தில் கப்ளர் பிளாஸ்டிக் உருகி மஞ்சளாகியிருக்கும். சாவியைத் திருகியதும் இன்ஜின் பிடித்து, கையை எடுத்ததும் அணைந்தால் 'ஆன்' தகட்டைச் சந்தேகப்பட வேண்டும். சாவியை ஆட்டினால் மீட்டர் விளக்குகள் மினுக்கினாலும் அப்படியே.

அதற்கு முன் பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் ஒயர் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். பாதிப் பேர் பேட்டரி டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடிக்காக ஸ்விட்சை மாற்றுகிறார்கள். டெஸ்ட் லைட் ஒன்று போதும். சாவி 'ஆன்'இல் இருக்கும்போது கப்ளருக்கு வருகிற ஒயரில் விளக்கு பளிச்சென்று எரிந்து, வெளியே போகிற ஒயரில் மங்கினால் குற்றவாளி நடுவில் இருக்கிறது.

மாற்றுவது எப்படி என்று கேட்டால், பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். இது பேச்சுக்கே இடமில்லாத விதி. ஸ்டேரிங்குக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கப்ளரைப் பிடுங்கி, ஸ்குருவை எடுத்தால் ஸ்விட்ச் கையோடு வரும். பழையது எந்தக் கோணத்தில் நின்றது என்று பார்த்து, சாவி 'ஆஃப்'இல் இருக்கும்போதே புதியதை அந்தக் கோணத்தில் உட்கார வையுங்கள். மூடியைப் பூட்டுமுன் பேட்டரியின் நெகட்டிவைத் திரும்ப மாட்டி ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். கப்ளர் உருகியிருந்தால் அதையும் மாற்றாமல் விடாதீர்கள், புது ஸ்விட்சும் அதே வழியில் போகும். கடையில் கம்பெனி பாகமாகக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாரும் எல்லா வண்டியிலும் கை வைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டேரிங்கில் ஏர்பேக் உள்ள வண்டி, சாவிக்குள் சிப் உள்ள வண்டியில் லாக்கையே மாற்றுவது, ஒயரிங் கட்டே கருகிய வண்டி இவையெல்லாம் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனின் வேலை. இந்தக் கோட்டைக் கட்டுரையாளர் போட்டிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன். அவருக்கோ எல்லாக் காரும் ஒரே கார், எல்லாக் கையும் நடுங்குகிற கை.

எடைக்குப் போடும் யோசனைக்குப் பதில் சுருக்கமாகவே போதும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை அது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் வண்டியைச் சோதித்துப் பார்த்து ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்துக் கொடுக்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள், அப்போதும் வழியை அடைக்கவில்லை. பெட்ரோல் வண்டியைப் பதினைந்தாவது வயதில் ஓரங்கட்டச் சொன்ன உத்தரவு டெல்லி வட்டாரத்துக்காகப் போட்டது, அங்குள்ள காற்றுக்காக. அதை எங்கள் ஊர்ச் சுவேத நதிக்கரைக்குக் கொண்டுவந்து பயமுறுத்துவது என்ன நியாயம்?

ஸ்விட்ச் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழையதைக் குப்பையில் போடாமல் பிரித்துப் பாருங்கள். கருகியது ஸ்டார்ட் தகடு என்றால் ஆத்தூரிலேயே ஒரு ரிலே வாங்கி மாட்டிவிடுங்கள். 'ஆன்' தகடு என்றால் அந்த லைனில் கூடுதலாக எதைக் கட்டியிருக்கிறீர்கள் என்று தேடி அவிழ்த்துவிடுங்கள்.