ஐந்து வருடத் தடையும் ஒரு தொண்ணூறு சிசி என்ஜினும்

கீரிக் கரையில் விடியப்புறம் மீன் வாங்குகிறவர்கள் ஏழு மணிக்கு முன் மன்னார்ப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். ஐஸ் யாருக்காகவும் காத்திருக்காது. என் மச்சான் பதினொரு வருடமாக இந்த ஓட்டம் ஓடுகிறார். பின்னால் றெஜிபோம் பெட்டி, அதற்குள் மீனும் ஐஸும் எழுபது கிலோ, முருங்கன் வரை வீடு வீடாக வியாபாரம். ஓடுவது பழைய ஜப்பான் ஹோண்டா, 90 ரகம். கடந்த சோளகக் காலத்தில் அந்த என்ஜின் இழுக்க மறுத்தது. தள்ளாடிப் பக்கம் போகும் மூன்று கிலோமீற்றர் தாம்போதியில், பக்கவாட்டாக அடிக்கிற காற்றுக்கு மூன்றாம் கியரில் திணறியது. (தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனியின் 30 காற்றாலைகளுக்கு அதே காற்றுத்தான் முதல். மீன்காரனுக்கு அது செலவு.)

“என்ஜினைப் பெரிசாக்கித் தாங்கோ” என்று கேட்கத்தான் மச்சானோடு கராஜுக்குப் போனேன். வேப்பமரம், இரண்டு தகரம், எண்ணெய் ஊறிய மண், அவ்வளவுதான் கராஜ். வைத்திருப்பவர் விடத்தல்தீவைச் சேர்ந்தவர். 2008 ஜூலையில் அந்த ஊரை விட்டு வெளிக்கிட்டு, 2009 மே வரை நடந்தவர். இப்போது கீரியில் குடியிருக்கிறார்.

“ஏன் தம்பி புதுசு ஒண்டு எடுக்கேல்லை?” என்று அவர் மச்சானிடம் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை எல்லோருக்கும் தெரியும். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணியைக் காக்கவென்று வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அது தளர்ந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ரூபா விழுந்தது, வரி ஏறியது. தடை நீங்கியபோது கதவு திறந்தது உண்மை. ஆனால் மீன்பெட்டி கட்டுகிறவனுக்கு எட்டாத உயரத்தில் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலையும் ஏறிவிட்டது. ஆகவே இருக்கிற என்ஜினைத்தான் திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கிறது. இதைச் சிக்கனம் என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சிக்கனம் என்றால் வேறு வழியும் கையில் இருக்க வேண்டும்.

அவர் ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டர் சுவரில் நகம் மாட்டுகிற கோடுகள். இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு இடத்தில் மலிவுப் பிஸ்டன் ஒன்று போட்டதன் வினை. மச்சான் கேட்டது 52 மில்லிமீற்றர் பிஸ்டன். நகரத்துப் பொடியள் போடுகிறார்களாம், பறக்கிறதாம்.

அவர் ஒரு சீமெந்துப் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த என்ஜினின் விட்டம் 47 மில்லிமீற்றர், பிஸ்டனின் வீச்சு 49.5. பெருக்கினால் 86 சிசிக்குச் சற்றுக் குறைவு. பெயரில்தான் 90. தேய்ந்த சிலிண்டரை லேத்தில் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது கால் மில்லிமீற்றர் படிகளில் நடக்கும், வழமையாக ஒரு மில்லிமீற்றர் வரைதான். கடைசிப் படிக்குப் போனாலும் 89.6 சிசி. நூற்றுக்கு நான்கு பங்கு கூட. “இதுக்காகவா இவ்வளவு பாடு?” என்றார்.

52 போட்டால் 105 சிசி வரும். ஆனால் அதற்கு வேறு சிலிண்டர் தேவை. பழைய கிராங்கும் பெயரிங்கும் கிளட்சும் அந்தச் சுமைக்குச் செய்தவை அல்ல. சூடு கூடும். மெதுவாக, பாரத்தோடு, வெயிலில் ஓடுகிற வண்டிக்கு அந்தச் சூடுதான் எமன். ஹெட்டைச் சீவி அமுக்கத்தைக் கூட்டினாலும் இதே கதை. 92 ஒக்ரேன் பெற்றோலில் தட்டத் தொடங்கினால் 95 அடிக்க வேண்டும். அந்த விலை வித்தியாசம் ஒவ்வொரு நாளும் மீனில் கழியும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. எங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 100 சிசி வரைக்கும் ஏ1, அதற்கு மேல் ஏ. வாகனப் புத்தகத்தில் ஒரு கொள்ளளவு, என்ஜினுக்குள் இன்னொன்று என்றால், விபத்து நடந்த அன்று காப்புறுதிக்காரர் கைவிரிக்க அது போதும். போரில் காணிப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் வாகனப் புத்தகமும் தொலைத்து, ஒவ்வொன்றுக்காகவும் கந்தோர் வாசலில் நின்ற சனம் நாங்கள். எங்களிடம் இருக்கிற ஒரேயொரு சரியான பத்திரத்தை நாங்களே பிழையாக்குவதா? என்ஜின் இலக்கம் இருப்பது கீழ்ப்பெட்டியில். சிலிண்டரைக் குடைவதால் அது மாறாது. கீழ்ப்பெட்டி உடைந்து வேறு பெட்டி போட்டால் மாறும், அப்போது அதை முறைப்படி பதிய வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு.

ஹெட் கஸ்கெற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. வன்னியில் அவர் பழகிய தொழில் இதற்கு நேர் எதிரானது. 1990க்குப் பிறகு பாலத்துக்கு அப்பால் பெற்றோல் தடை. கிடைத்ததும் யானை விலை. மண்ணெண்ணெயில் ஓட வைப்பதே அன்றைய மெக்கானிக்கின் வித்தை. மண்ணெண்ணெய் அமுக்கம் தாங்காது, தட்டும். அதனால் ஒரு கஸ்கெற் போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டு அமுக்கத்தைக் குறைப்பார்கள். காலையில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எரியாத மிச்சம் இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணீராக்கும், பெயரிங் போகும், பிளக்கில் கரி கட்டும். காதும் மூக்கும் எரிகிற அந்தப் புகைமணம் எங்களில் பலருக்கு இன்னும் நினைவில் இருக்கும். “அப்ப பவரைக் குறைச்சுச் சனத்தை ஓட வைச்சனான். இப்ப கூட்டித் தா எண்டு கேக்கிறியள்.”

2022இல் இந்த வித்தை திரும்ப வரும் என்று சிலர் நினைத்தார்கள். வருடத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 பெற்றோல் ஜூனில் 470க்குப் போனது. ஓகஸ்டில் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். ஆனால் அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் 87இலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. படகுக்காரனுக்கும் அடி, பெட்டிக்காரனுக்கும் அடி. தெற்கில் அந்த வரிசைகளைப் பார்த்தவர்கள் நாடு கண்டிராத நெருக்கடி என்று எழுதினார்கள். எங்கள் பக்கத்தில் அதை வாசித்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் அவர் செய்தது இவ்வளவுதான்: அரை மில்லிமீற்றர் ஓவர்சைஸில் போர், நல்ல பிஸ்டன், புது ரிங். வால்வு இரண்டையும் மாவு போட்டு அரைத்து இருக்கையில் பொருத்தினார். கடல் உப்பில் இறுகிய நட்டுகளைக் கழற்றவே ஒரு பகல் போனது. முன் ஸ்புரொக்கெற்றில் 15 பல்லுக்குப் பதிலாக 14. இதனால் இழுவை நூற்றுக்கு ஏழு கூடும், ஓட்ட வேகம் ஏறத்தாழ அதேயளவு குறையும். மீன்பெட்டிக்கு வேகம் எதற்கு? மச்சான் கேட்ட பவரில் பெரும்பகுதி அந்த என்ஜினுக்குள் ஏற்கெனவே இருந்தது. தேய்ந்த ரிங் வழியாகவும் மூடாத வால்வு வழியாகவும் கசிந்துகொண்டிருந்தது, அவ்வளவே.

இறக்குமதித் தடை எத்தனை டொலரை மிச்சம் பிடித்தது என்று கணக்குச் சொல்ல அமைச்சுகள் இருக்கின்றன. அந்த ஐந்து வருடமும் வடக்கின் மீனையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டுபோன பழைய என்ஜின்களை ஓட வைத்தவர்களைப் பற்றி எந்தக் கணக்கும் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்து வருகிற பொடியன் சான்றிதழோடு வருகிறான். இவரிடம் இருப்பது சீமெந்துப் பேப்பர். ஒரு சிறு லேத்துக்குக் கடன் கேட்டால் பிணை கேட்பார்கள். லேத் வேலைக்கு இப்போதும் சிலிண்டரைப் பையில் போட்டுக்கொண்டு நகரத்துக்குத்தான் போகிறார்.

முதல் ஐந்நூறு கிலோமீற்றருக்குப் பெட்டியைப் பாதிதான் ஏற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மச்சான் தலையாட்டினார். மூன்றாம் நாள் கரையில் கும்பளா நிறையப் பட்டிருந்தது. பெட்டி நிறைந்துதான் போனது.