கழுத்தில் சொடக்கு எடுத்தால் தலைவலி போகுமா?

கேள்வி: ‘‘புல்லுக்கட்டு சுமக்கும் 58 வயது மாமியாருக்கு ஓராண்டாகத் தலைவலி. சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுத்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?’’
- வாசகி, ஒட்டன்சத்திரம்.

பதில்: வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்புகளின் ஊடாகத்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான், வந்துவிட்டால் மீள்வது கடினம். 1895-ல் அமெரிக்காவில் தொடங்கிய கைரோபிராக்டிக் முறையிலும் எலும்பை அழுத்தித் திருப்புவார்கள். பயிற்சி பெற்றவர்கள் செய்தால், கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி சிலருக்குக் குறைகிறது. எல்லாத் தலைவலிக்கும் அது மருந்தல்ல.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக வந்த தலைவலி என்பதால், முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி பிடரியில் தொடங்கி, ஒரு பக்கமாக நெற்றிக்கு ஏறுகிறதா, கழுத்தைத் திருப்பினால் கூடுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். அப்படியென்றால் கழுத்து காரணமாக இருக்கலாம். கட்டைச் சிறிதாக்கி இரண்டு நடையாகக் கொண்டுவரட்டும். அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் கழுத்துப் பயிற்சி கற்றுக்கொண்டு தினமும் செய்யட்டும். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும்.

பெட்டிக்கடை மாத்திரையையும் விசாரியுங்கள். மாதத்தில் 15 நாள்களுக்கு மேல் வலி மாத்திரை போட்டுவந்தால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியைக் கொண்டுவரும். நிறையப் பேருக்கு இதுதான் கதை. வயலில் மருந்தடித்த நாளில் மட்டும் வலித்தால், பூச்சிக்கொல்லியைச் சந்தேகப்பட வேண்டும்.

திடீரென்று இடி விழுந்தாற்போல் வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு... இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.